தூசி படிந்த ஜாகுவாருக்கு என்ன விலை சொல்லலாம்?

அமெரிக்காவில் ஒஹையோ பக்கம் ஒரு வீடு. தாத்தா காலமாகிவிட்டார். பேரன் கேரேஜைத் திறக்கிறான். அட்டைப்பெட்டிகள், துருப்பிடித்த புல்வெட்டி, அவற்றுக்குப் பின்னால் போர்வைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு நீள மூக்கு. 1965ஆம் வருட ஜாகுவார் இ-டைப், 4.2 லிட்டர், மூடிய கூரை வைத்த கூப்பே. 1983க்குப் பிறகு தெருவைப் பார்த்ததில்லை. நான்கு டயரும் காற்றில்லாமல் தரையோடு தரையாகக் கிடக்கின்றன.

பையன் இணையத்தில் தேடுகிறான். இதே மாடல், பளபளவென்று, இரண்டு லட்சம் டாலருக்கு விளம்பரத்தில் நிற்கிறது. அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பழைய கார் வியாபாரி ஒருவர் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பதினைந்தாயிரம் டாலர், இப்போதே பணம்" என்கிறார். அன்று ராத்திரியும் தூக்கம் இல்லை.

இந்தப் பேரனும் வியாபாரியும் கணக்குச் சொல்லித்தர நான் உருவாக்கியவர்கள். அவர்களைச் சுற்றி வரும் எண்களும் கணக்குக்காகப் போட்டவைதான், இன்றைய சந்தை நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காரைப் பற்றிச் சொல்வதெல்லாம் நிஜம்.

நியாயமான சந்தை மதிப்பு என்பது என்ன? விற்றே தீரவேண்டும் என்ற நெருக்கடி இல்லாத ஒருவரும், வாங்கியே தீரவேண்டும் என்ற நெருக்கடி இல்லாத ஒருவரும், பொருளைப் பற்றிய விஷயங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்த நிலையில், ஒத்துக்கொள்ளும் விலை. அமெரிக்க வருமான வரித்துறை வைத்திருக்கும் வரையறையும் ஏறக்குறைய இதேதான். இந்த அளவுகோலில் பையன் முன் வந்து நின்ற இரண்டு விலையும் தேறாது. விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை, அதை யாரும் இன்னும் கொடுக்கவில்லை. வியாபாரி சொன்ன விலையில் விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார். காப்பீட்டு நிறுவனத்தோடு பேசி முடித்து பாலிசியில் எழுதும் தொகை இன்னொரு தனிக் கணக்கு, அதையும் சந்தை விலை என்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரே சொல், இரண்டு வகை கார்

ரெஸ்டோர் செய்யாத கார், அதாவது பழுதுபார்த்துப் புதிதுபோல் ஆக்காத கார் என்று சொல்லும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அந்தப் பெயருக்குள் இரண்டு வெவ்வேறு கார்கள் ஒளிந்திருக்கின்றன.

முதல் வகை, பாதுகாக்கப்பட்டது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், அப்போது தைத்த தோல் சீட், அதே கண்ணாடி, அதே திருகுகள். மங்கியிருக்கும், அங்கங்கே வெடித்திருக்கும். ஆனால் யாரும் கைவைக்கவில்லை. பழைய நாணயம் சேகரிப்பவரிடம் புளி போட்டுத் தேய்த்த நாணயத்தை நீட்டிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதே மனநிலைதான் இங்கேயும். கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கார் போட்டியில் இப்படிப்பட்ட கார்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வகை, கைவிடப்பட்டது. இதையும் யாரும் ரெஸ்டோர் செய்யவில்லை, உண்மைதான். ஆனால் 1974இல் யாரோ சிவப்பு பெயிண்ட் அடித்தார்கள், 1979இல் யாரோ அடிப்பகுதியில் தகரம் வைத்துப் பற்றவைத்தார்கள், அப்புறம் மழை ஒழுகும் கொட்டகையில் விட்டுவிட்டார்கள். இதற்கு வயதாகியிருக்கிறது. அதைத் தாண்டிப் பாதுகாக்க ஒன்றும் மிச்சமில்லை.

விற்பவர்கள் இரண்டாவது வகையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வகைக்கான விலையைச் சொல்வது தினசரி நடக்கிற கதை. தூசிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கொட்டகையில் கிடைத்த காரைக் கழுவாமலேயே ஏலத்துக்குக் கொண்டுபோவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தூசியைப் பார்த்ததும் புதையல் கிடைத்த மாதிரி வாங்குகிறவர் மனம் மயங்கிவிடுகிறது. ஒரு வாளித் தண்ணீரில் போய்விடுகிற சமாச்சாரம்!

தூசிக்குக் கிடைத்த விலைகளில் ரொம்பப் பிரபலமானது ஒன்று உண்டு. பிரான்சின் மேற்குப் பகுதியில் பையோன் குடும்பத்தின் தோட்டத்தில், கொட்டகைகளுக்குள் ஏறக்குறைய அறுபது பழைய கார்கள் பல பத்தாண்டுகளாகக் கிடந்தன. அவற்றில் ஒன்று 1961ஆம் வருட ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். ஒரு காலத்தில் நடிகர் அலேன் டெலோனிடம் இருந்த கார். அதன் மேல் பழைய பத்திரிகைக் கட்டுகள் குவிந்து கிடந்தன. 2015 பிப்ரவரியில் ஆர்ட்குரியல் நிறுவனம் பாரிஸில் ஏலம் விட்டபோது, கமிஷனும் சேர்த்து சுமார் 1.63 கோடி யூரோவுக்குப் போனது. ஏலத்துக்கு முன் போட்ட மதிப்பீடே 95 லட்சத்திலிருந்து 1.2 கோடி வரைதான். இந்தச் செய்தியைப் படித்த பிறகு தங்கள் கொட்டகைக் காருக்கு ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. அரிய மாடல், நடிகரின் பெயர், கதை, கூட்டம் எல்லாம் ஒரே நாளில் ஒரே அரங்கத்தில் சேர்ந்த விலை அது. எழுபத்திரண்டாயிரத்துக்கும் மேல் தயாரித்த இ-டைப்புக்கு அதை ஒப்பிட வழியே இல்லை.

சரி, பேரனின் கார் எந்த வகை? அதைத் தெரிந்துகொள்ளாமல் விலையைப் பற்றிப் பேச முடியாது.

தாய்ப்பத்திரம் பார்ப்பது போல

நிலம் வாங்குகிறவர் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்பார் இல்லையா? பழைய காரில் அந்த வேலையைச் செய்வது உலோகத்தில் அடித்த எண்கள்.

இ-டைப்பில் சேஸிஸ் (அடிச்சட்டம்) எண், எஞ்சின் எண், பாடி எண், கியர்பாக்ஸ் எண் என்று நான்கு உண்டு. கார் பிறந்தபோது இவை என்னவாக இருந்தன என்பது பிரிட்டனில் ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் பாதுகாக்கும் தொழிற்சாலைப் பதிவேட்டில் இருக்கிறது. உரிமையாளர் பணம் கட்டினால் சான்றிதழ் தருவார்கள். தயாரித்த தேதி, முதல் நிறம், சீட்டின் நிறம், எந்த ஊர் விநியோகஸ்தருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். காரில் உள்ள எண்கள் சான்றிதழோடு ஒத்துப்போனால் 'மேட்சிங் நம்பர்ஸ்' கார் என்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் விலை இறங்கும்.

எண்ணைப் படிப்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். எஞ்சின் எண் வலதுபக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலே, எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்கில் அடித்திருக்கும், அதை மூடும் ஹெட்டின் முன்பக்கத்திலும் அதே எண் இருக்கும். நாற்பது வருடக் கிரீஸ் அதன்மேல் அப்பிக் கிடக்கும். கம்பி பிரஷ் எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள். எண்ணைச் சுற்றியுள்ள பழைய மேற்பரப்புதான் அது பிறகு மாற்றி அடித்த எண் இல்லை என்பதற்குச் சாட்சி. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எண்கள் நிழலோடு எழுந்து வரும். 7ஈ (7E) என்று தொடங்கினால் முதல் தொடர் 4.2 இ-டைப்பின் எஞ்சின். 7எல் (7L) என்று இருந்தால் யாரோ எக்ஸ்ஜே6 சலூன் காரின் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள், ஓடும், ஆனால் ஒரிஜினல் இல்லை. கடைசியில் கோடு போட்டு 9 என்று இருந்தால் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை அழுத்தப்படும் அளவு, ஒன்பதுக்கு ஒன்று என்று பொருள்.

சேஸிஸ் எண், முன்பக்கச் சட்டத்தில் வலது ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு மேலே இருக்கும். இந்தக் காருக்கு அது 1ஈ3 (1E3) என்று தொடங்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங், 4.2, கூப்பே என்பதற்கான தொடர் அது. ஒஹையோவில் நிற்கிற காருக்குப் பொருத்தம்தான், இ-டைப்பில் பெரும்பங்கு அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது.

ஒரே இ-டைப் என்ற பெயருக்குள் விலை எப்படிப் பிரிகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானபோது 3.8 லிட்டர் எஞ்சின். முதல் ஐந்நூறு காரில் பானெட்டைத் திறக்க வெளியே பூட்டு இருக்கும், சேகரிப்பவர்கள் அதற்காக உயிரை விடுவார்கள். 1964 அக்டோபரில் 4.2 வந்தது. கூடவே முதல் கியரிலும் சிங்க்ரோமெஷ் (கியர் கரகரக்காமல் விழவைக்கும் அமைப்பு) உள்ள நல்ல கியர்பாக்ஸ், முன்பைவிட நல்ல பிரேக், உட்காரக்கூடிய சீட். ஓட்டுகிறவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். 1968இலிருந்து இரண்டாவது தொடர், 1971இலிருந்து 1974 வரை பன்னிரண்டு சிலிண்டர் மூன்றாவது தொடர். பொதுவாக ஒரே தொடருக்குள் கூரை திறக்கும் ரோட்ஸ்டருக்கு விலை அதிகம், அப்புறம் கூப்பே, அதற்கும் கீழே பின்சீட் வைத்த 2+2. எனக்கென்னவோ கூப்பேதான் அழகு. சந்தை என்னைக் கேட்பதில்லை.

துரு

இயந்திரக் கோளாறைப் பற்றிப் புதியவர்கள் ரொம்பக் கவலைப்படுவார்கள். எஞ்சின் இறுகிப்போயிருக்கிறது, பிரேக் பிடித்துக்கொண்டது என்பதெல்லாம் செலவுதான், ஆனால் அளந்துவிடக்கூடிய செலவு. ஜாகுவாரின் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் பல மாடல்களில் ஓடியது, உதிரிபாகம் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பாக்கெட்டைக் காலி செய்வது துருதான்.

இ-டைப்பில் நடுப்பகுதியும் பின்பகுதியும் தனிச் சேஸிஸ் இல்லாமல் தகட்டாலேயே ஆன கூடு. காரின் பலமே கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற அந்தப் பகுதியிலும் தரைத்தகட்டிலும்தான் இருக்கிறது. எஞ்சினைத் தாங்குவது முன்பக்கம் போல்ட் போட்டு மாட்டிய குழாய்ச் சட்டம். குழாய்க்குள்ளே ஈரம் தங்கினால் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் அழகாக இருக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இ-டைப்பின் பாடி இரும்புத் தகடு, எல்லா இடத்திலும் காந்தம் ஒரே மாதிரி ஒட்ட வேண்டும். கதவுக்குக் கீழே நகர்த்திக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், பட்டிக்கு மேல் தட்டினால் சுவரைத் தட்டின மாதிரி மொத்தென்று இருக்கும். அடுத்து கதவை முழுக்க மூடிவிட்டு அதைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மேலே ஒரு விரல் அகலம், கீழே அரை விரல் என்றால் கூடு தொய்ந்திருக்கிறது. கடைசியாக, பின்கதவைத் திறந்து கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். மறுபெயிண்ட் அடிக்கிறவர் சோம்பேறித்தனப்படும் இடங்கள் இவை, பழைய நிறம் அங்கே அப்படியே இருக்கும்.

பேரனின் காரில் இப்படித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்: எண்கள் நான்கும் சான்றிதழோடு ஒத்துப்போகின்றன. சீட் ஒரிஜினல், கருப்புத் தோல், வெடிப்புகளோடு. ஆனால் வெளிப்பெயிண்ட் ஒருமுறை மாற்றியது. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் பட்டி. தரைத்தகட்டில் ஒரு ஓட்டை, எலி வந்துபோக வசதியாக. ஆக இது இரண்டாவது வகை. உள்ளே மட்டும் முதல் வகையின் வாசனை கொஞ்சம் இருக்கிறது, அதற்கும் ஒரு விலை உண்டு.

கழித்துப் பார்க்கும் கணக்கு ஏன் பொய்க்கிறது

புதியவர்கள் எல்லோரும் போடும் கணக்கு இது. நன்றாக ரெஸ்டோர் செய்த கார் 1,20,000 டாலருக்குப் போகிறது. ரெஸ்டோர் செய்ய ஆகும் செலவைக் கழித்தால் மீதிதான் இந்தக் காரின் விலை.

செய்து பாருங்கள். டிங்கரிங், பெயிண்ட், எஞ்சின், குரோம், தோல் வேலை என்று எல்லாவற்றையும் கடையில் கொடுத்துச் செய்தால் 1,50,000 டாலர் ஆகிறது என்று வைப்போம். மீதி, கழித்தல் முப்பதாயிரம். அதாவது பேரன் காரையும் கொடுத்து, எடுத்துப் போகிறவருக்குக் கையில் முப்பதாயிரமும் கொடுக்க வேண்டும்! இந்த எண்கள் நான் போட்டவை என்றாலும் நிலைமை கற்பனை இல்லை. முழு ரெஸ்டோர் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒரு அடையாளம் சொல்கிறேன்: 2017இல் ஜாகுவார் நிறுவனமே பழைய முதல் தொடர் இ-டைப்புகளை எடுத்துப் புதிதுபோல் ஆக்கி 'ரீபார்ன்' என்று விற்கத் தொடங்கியது. தொடக்க விலை 2,85,000 பவுண்டு.

அப்படியிருந்தும் ஓடாத இ-டைப்புகள் காயலாங்கடைக்குப் போவதில்லை, நல்ல விலைக்குத்தான் போகின்றன. காரணம், அவற்றை வாங்குகிறவர்கள் வேறு. வார இறுதியில் தன் கையாலேயே வேலை செய்கிறவர் தன் உழைப்புக்குக் கூலி போட்டுக்கொள்வதில்லை. பத்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வார், மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கவும் மாட்டார், வீட்டில் சொல்லவும் மாட்டார். இன்னொருவரிடம் நல்ல கூடு இருக்கும், எண் பொருந்திய எஞ்சின் வேண்டியிருக்கும். பிரித்து விற்றாலே எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், அந்த நீள பானெட், டாஷ்போர்டு மீட்டர்கள், ஆவணங்கள் என்று ஒரு தொகை தேறும். அதுதான் அடிமட்ட விலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

அதனால் ஓடாத காரின் விலையை ஓடாத கார்களின் விற்பனையிலிருந்துதான் எடுக்க வேண்டும். ரெஸ்டோர் செய்த காரின் விலை உச்சவரம்பைக் காட்டும், அவ்வளவுதான்.

பழைய கார்களுக்குக் காப்பீடு கொடுக்கும் ஹாகர்ட்டி போன்ற நிறுவனங்கள் வெளியிடும் விலைப்பட்டியலைப் பலர் கையில் எடுப்பார்கள். நல்ல தொடக்கம். ஆனால் நம் ஊர் வழிகாட்டி மதிப்பைப் போலத்தான் அது, தெருவில் நடக்கும் விலை கூடவோ குறையவோ இருக்கும். அதில் 1 முதல் 4 வரை நிலை பிரித்திருப்பார்கள். 1 போட்டியில் வைக்கும் தரம், 4 குறைகள் கண்ணுக்குத் தெரியும் கார். ஆனால் அந்த நான்காவது நிலைக் காரும் ஓடுகிற கார்! கேரேஜில் தூங்கும் நம் கார் அதற்கும் கீழே. பட்டியலின் கடைசி எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது ரொம்பப் பேர் செய்யும் தப்பு.

விற்பனை விலைகளைத் தேடும்போது, விற்று முடிந்தவற்றை மட்டும் எடுங்கள். கடந்த ஒன்றிரண்டு வருடத்துக்குள் நடந்தவை போதும். இ-டைப் சில வருடங்களுக்கு முன் உச்சத்தில் இருந்து பிறகு இறங்கிய சந்தை, பழைய விலை ஏமாற்றிவிடும். அதே தொடர், அதே பாடி, அதே பக்க ஸ்டியரிங், ஏறக்குறைய அதே துரு இருக்கட்டும். இங்கிலாந்தில் நடந்த விற்பனையை ஒஹையோவுக்கு நேராகக் கொண்டுவர முடியாது, அங்கே வலப்பக்க ஸ்டியரிங் காருக்குத் தனி மவுசு. ஏல அரங்க விலையில் வாங்குபவர் கட்டும் கமிஷன் பத்து சதவீதத்துக்கு மேல் சேர்ந்திருக்கலாம், விற்றவர் கைக்குப் போனது அதைவிடக் குறைவு. இணைய ஏலங்களில் அறிவிக்கும் தொகைக்கு மேல்தான் கட்டணம் வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

பேரன் தேடியதில் ஆறு கூப்பேக்கள் கிடைத்தன என்று வைப்போம், எல்லாம் ஓடாதவை: 19, 26, 28, 31, 34, 58 ஆயிரம் டாலர். 58ஆயிரத்துக்குப் போனதை எடுத்துப் பார்த்தால் ஒரே குடும்பத்தின் கார், பெயிண்ட் கூட ஒரிஜினல், துரு இல்லை. அது முதல் வகை, ஒதுக்கி வைக்கலாம். 19ஆயிரத்துக்குப் போனதில் எஞ்சினே இல்லை, அதையும் ஒதுக்கலாம். மிச்சம் நான்கு, 26இலிருந்து 34 வரை. நம் காருக்கு எண்கள் பொருந்துகின்றன, சீட் ஒரிஜினல், அவை மேலே தள்ளும். கதவுக்குக் கீழே இருக்கும் பட்டியும் தரை ஓட்டையும் கீழே இழுக்கும். நான் 27இலிருந்து 32ஆயிரம் என்று எழுதுவேன். ஒரே எண்ணாகச் சொல்லச் சொன்னால் சொல்லமாட்டேன், பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அதைச் சுரண்டிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

வியாபாரியின் பதினைந்தாயிரமும் இந்தக் கணக்குக்குள் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும். இழுத்துப் போகும் வண்டிக்கூலி, மாதக்கணக்கில் முடங்கும் பணம், பட்டிக்கு அடியில் இருக்கும் பயம், தன் லாபம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் அவர் பேசினார். அவர் தொழிலுக்கு அது சரி. பையனுக்கு அவசரமில்லை என்றால் ஒரு காரியம் செய்யலாம்: சான்றிதழை வரவழைத்து, நான்கு எண்களையும், தரை ஓட்டையையும், காந்தம் வழுக்கி விழுந்த இடத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து, எதையும் மறைக்காமல் விற்பனைக்குப் போடட்டும். வண்டியை ஸ்டார்ட் செய்துபார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். சிலிண்டருக்குள் ஆயில் விட்டு ஊறவைக்காமல் சாவியைத் திருப்பினால், அளந்து வைத்த எஞ்சின் செலவே மாறிப்போகும். தூசி? அது இருந்துவிட்டுப் போகட்டும்.